உங்களுக்குத் தெரியுமா? ஓராண்டு விருந்தாளிகள்

பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்துக்குத் தாவ அமெரிக்க மாணவர்களுக்கு 2006 முதல் வழியில்லை. 19 வயது ஆக வேண்டும்; பள்ளி முடிந்து ஓராண்டும் கழிய வேண்டும். அந்த ஓராண்டுக்கு மட்டும் கல்லூரிக்கு வரும் சூரர்களை வளைத்துப் போடுவதில் 2024 வரை கென்டக்கி பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த ஜான் கலிபாரி பெரிய கில்லாடி. 2012இல் முதலாமாண்டு மாணவர் ஆந்தனி டேவிஸை வைத்துக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையையே தூக்கினார்.

2015இல் தொடர்ந்து 38 ஆட்டங்களில் வென்ற அவரது இளம்படையை அதே கோப்பைக்கான அரையிறுதியில் மடக்கியது விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அதன் தூண், நான்காமாண்டு மாணவர் ஃபிராங்க் கமின்ஸ்கி. அனுபவமே வென்றது என்று எழுதிவிடலாம்தான். ஆனால், இரண்டே நாளில் இறுதியாட்டத்தில் அதே விஸ்கான்சினை டியூக் பல்கலைக்கழகம் 68-63 என வீழ்த்தியது. அந்த 68 புள்ளிகளில் 60 முதலாமாண்டு மாணவர்கள் எடுத்தவை!