தரவரிசை அளவுகோலும் காஞ்சிபுரம் நெசவாளர் ஆய்வுகளும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் நிறம் அதன் வகையை மட்டுமே சுட்டும். எடையோ கிராமில் அமையும். 800 கிராம் சேலை 400 கிராம் சேலையைவிட இருமடங்கு எடையுடையது எனக் கூறுவதில் பிழையில்லை. கச்சாப் பட்டின் தரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 4ஏ, 3ஏ, 2ஏ, ஏ என இறங்கிச் செல்லும் தரக்குறியீடுகள் எது மேல், எது கீழ் என்பதை உணர்த்துகின்றன. எவ்வளவு மேல் என்பதை உணர்த்துவதில்லை. 4ஏ பட்டு 2ஏ பட்டின் இருமடங்கு அன்று. 1946இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அளவுகோல்களைப் பெயர், தரவரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பகுத்தார். பட்டின் தரம் இவற்றுள் இரண்டாவதைச் சாரும். கருத்தளவில் இது தமிழகத்திற்குப் புதிதன்று. சோழர் காலத்திலேயே விளைநிலங்கள் தரம் பிரிக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டன.

பட்டின் தரங்களை யாரும் கூட்டி வகுப்பதில்லை. நெசவாளரின் மனநிறைவை அளக்கும்போதுதான் இவ்வேறுபாடு மறக்கப்படுகிறது. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய முறையைப் பின்பற்றி, கூலி குறித்த நிறைவு ‘மிகக் குறைவு’ முதல் ‘மிக அதிகம்’ வரை 1 முதல் 5 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. பின்னர் அவ்வெண்களுக்குச் சராசரி காணப்படுகிறது.

இரு கூட்டுறவுச் சங்கங்களில் மும்மூன்று நெசவாளர்கள் விடையளித்ததாகக் கொள்வோம். முதற்சங்கத்தின் விடைகள் 3, 3, 3. இரண்டாவதன் விடைகள் 2, 2, 5. இரண்டின் சராசரியும் 3. வரிசை மாறாமல் 5க்குப் பதிலாக 8 என்று குறித்தால், இரண்டாம் சங்கத்தின் சராசரி 4 ஆகி முந்திவிடும். மாறாக 3, 4, 5 ஆகியவற்றை 5, 6, 7 எனக் குறித்தால் முதற்சங்கமே முந்தும். நெசவாளர் எவரும் தம் விடையை மாற்றவில்லை. மாறியது ஆய்வாளர் இட்ட எண். இடைநிலையளவோ எல்லா நிலைகளிலும் முதற்சங்கத்திற்கு ‘நடுத்தரம்’ என்றும், இரண்டாவதற்குக் ‘குறைவு’ என்றும் மாறாது நிற்கும். எந்தச் சங்கத்தின் கூலியை முதலில் திருத்த வேண்டும் என்ற முடிவு இத்தகைய அட்டவணையைச் சார்ந்திருக்குமாயின், இது வெறும் கணக்கியல் நுணுக்கமாகாது.

பல வினாக்களின் மதிப்பெண்களைக் கூட்டிப் பெறும் மொத்தத்தை இடைவெளி அளவாகக் கொள்ளலாம் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திற்கு ஓரளவு இடமுண்டு; ஒற்றை வினாவுக்கு அது பொருந்தாது. அங்கு ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தனர் என்ற எண்ணிக்கையையும் இடைநிலையளவையும் தருவதே முறை. கூலி நிறைவுக்கும் நெசவு அனுபவத்திற்கும் உள்ள தொடர்பை அறிய ஸ்பியர்மனின் தர ஒட்டுறவுக் கெழு போதுமானது. அது வரிசையை மட்டுமே கேட்கிறது.