புன்னகைச் சகோதரி

பொருள் விளங்காத பாட்டு மனத்திற் புகுமோ என்று ஐயுறுவார் உளர். 1963-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மக்கள் விரும்பிக் கேட்ட 'டொமினிக்' என்னும் பாட்டு, அவருட் பெரும்பாலோர் அறியாத பிரெஞ்சு மொழியில் அமைந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் அந்நாட்டு இசைத்தட்டு வரிசையில் அதுவே முதலிடம் பெற்றது. அதனை இயற்றி, இசையமைத்துப் பாடியவர் மடத்தில் வாழ்ந்த கன்னித்துறவி ஒருவர் என்பது கேட்டார்க்கு வியப்பை விளைத்தது.

அவர்தம் இயற்பெயர் ஜீனின் டெக்கர்ஸ். பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸை அடுத்த லாக்கனில் 1933-ஆம் ஆண்டு பிறந்தவர். நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூவில் உள்ள டொமினிக்கன் மடத்தில் 1959-இல் சேர்ந்து, லூக் காப்ரியேல் என்னும் துறவுப்பெயர் பூண்டார். கித்தார் இசைத்துப் பாடும் பழக்கத்தை அங்கும் அவர் விட்டாரல்லர். கேட்டு மகிழ்ந்த மடத்துத் தலைவியர், மடத்திற்கு வருவோர்க்கு வழங்கவெனச் சில இசைத்தட்டுகள் செய்விக்க விரும்பினர். பதிவு செய்த பிலிப்ஸ் நிறுவனத்தார் அவற்றை உலகெங்கும் விற்கலாயினர். தட்டுகள் வெளிவந்தது அவர் பெயரால் அன்று. 'புன்னகைச் சகோதரி' என்னும் புனைபெயரால்.

அப்பாட்டின் தலைவர் 1221-இல் மறைந்த டொமினிக் முனிவர். பொருளைத் துறந்து, ஊர்தோறும் நடந்து சென்று அருளுரை பகர்ந்தவர். வறுமையைப் போற்றிய பாட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டியது! அதன் பெரும்பகுதி நிறுவனத்தாரைச் சார்ந்தது. எஞ்சியது மடத்திற்குச் சென்றது. தமக்கென ஒன்றும் கொள்ளாமை துறவியின் நோன்பு. ஆதலின் அம்மையார் கையிற் காசும் இல்லை. காசு சென்ற வழியைக் காட்டும் சீட்டும் இல்லை. இச்சீட்டின்மையை மாணவர் நினைவிற் கொள்க. பின்வந்த துன்பத்திற்கு அதுவும் ஒரு வித்தாயிற்று.

1966-இல் அம்மையார் மடத்தை நீங்கினார். அவ்வாண்டே அவர் கதையைத் தழுவிய ஹாலிவுட் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. ஆனால், அவரை உலகறியச் செய்த புனைபெயரைத் தாமே வழங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. லூக் டொமினிக் என்னும் பெயரால் பாடினார், கேட்பார் அருகினர்.

சில ஆண்டுகள் சென்றபின், பெல்ஜிய வரித்துறையினர் பழைய வருவாய்க்கு வரி கேட்டனர். பணம் மடத்திற்குச் சென்றது என்றார் அம்மையார். சான்று எங்கே என்றனர் அவர். சட்டத்தின் நோக்கில் அக்கேள்வி முறையானதே. எனினும், தம் கையால் தொட்டறியாத பொருளுக்கு ஒருவர் கடனாளியாதலை நம் நெஞ்சம் எளிதில் ஒப்பவில்லை. தோழியோடு சேர்ந்து ஆட்டிசம் உடைய குழந்தைகட்கு நடத்திய பள்ளியும் நிலைபெறவில்லை. 1982-இல் பொருள் வேண்டி அதே பாட்டைப் புதிய மின்னிசையோடு மீண்டும் பாடினார், வாங்குவார் இலர். கடனும் மனச்சோர்வும் நெருக்க, 1985-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தோழியர் இருவரும் உயிர் நீத்தனர்.

2009-இல் அம்மையாரின் வாழ்வை விளக்கும் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அவருக்கு மறுக்கப்பட்ட அப்புனைபெயரே அதன் தலைப்பு.