வினாக்கொத்தோடு வீட்டுக்கு வருகிறவர்கள்

கற்பிட்டிப் பக்கத்து முற்றமொன்றில் பல்கலைக்கழக மாணவர் வினாக்கொத்தை விரித்தால், முதல் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வரும்: “நீ யார்ட மகன்?” பதில் திருப்தியாக இருந்தால் தேநீரும் வரும். இறுதியாண்டு ஆய்வுக்குச் சொந்த ஊரைத் தெரிவுசெய்வதில் பஸ் காசும் தங்குமிடச் செலவும் மிச்சம் என்ற கணக்கு உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் புத்தளம் கரையில் சொந்த ஊர் எது என்பதே லேசான கேள்வி அல்ல.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் 2 மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். புத்தளத்துச் சனம் சோறு போட்டது, தென்னந்தோட்டங்களில் இடமும் கொடுத்தது. ஓலைக் குடில்கள் பல பிறகு கல்வீடுகளாயின. இன்று அந்த வீடுகளில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தை நிரப்பப் போனால், உம்மா மன்னாரின் எருக்கலம்பிட்டி என்பார். இங்கேயே பிறந்த மகள் புத்தளம் என்பாள். இரண்டையும் எழுதக் கட்டத்தில் இடமிருக்காது.

சொந்த ஊரையே ஆராய்கிற இந்த வேலையில் முன்னோடி, பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். அவரே எருக்கலம்பிட்டிக்காரர். வெளியேற்றப்பட்ட தம் சனங்கள் இழந்துவந்ததைக் கணக்கெடுத்து 2001இல் நூலாக்கினார். 2015இல், மன்னாரின் முசலிப் பகுதியில் அவர்கள் மீளக் குடியேறியது பற்றியும், அதற்காக வில்பத்துக் காடு அழிக்கப்படுவதாக எழுந்த சர்ச்சை பற்றியும் எழுதினார். 2018இல் காலமாகும்வரை அவர் இந்த விவகாரத்தை விடவில்லை. துயரத்தை வெளியாரும் எழுதலாம். எந்தக் காணி யாருடையது என்று விசாரிக்க ஊர்க்காரர் போனால் கதை வேறு.

ஊர்க்காரர் என்ற உரிமைக்கும் எல்லை உண்டு. அகதிகள் வந்தபின் தண்ணீர், பாடசாலை, வேலை என்று உள்ளூராருக்கு மனத்தாங்கல் வந்தது. முகாமில் வளர்ந்த மாணவரிடம் அதை யார் முகத்துக்கு நேரே சொல்வார்கள்? இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரைச் சேர்த்து அனுப்புகிற விரிவுரையாளரே கெட்டிக்காரர் என்பேன்.

வேறு தலைப்புக்குப் போனாலும் உறவு விடாது. கற்பிட்டி மணலில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டுகிற உரம் தண்ணீரோடு கீழிறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு. அதை அளக்கப் போகும் மாணவியின் சாச்சாவே வெங்காயம் போடுகிறவராக இருக்கலாம். ஆய்வேட்டில் கிணற்றுக்கு வெறும் இலக்கம் போடலாம்; எந்தக் கிணறு என்று ஊருக்குத் தெரியும். பிரதியைத் துறை அலுமாரியில் வைத்துவிட்டுப் போவது சுலபம். தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் விவசாயப் போதனாசிரியரிடமும் கொடுக்கத் துணிந்தால், சாச்சாவின் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்: உரத்தைக் குறைத்து விளைச்சலும் குறைந்தால் அந்தக் காசை யார் தருவது?