வௌவால்களின் குளிர்கால நித்திரை

வௌவால் என்றவுடன் மா, கொய்யா முதலிய கனிகளைக் கடித்துச் சேதப்படுத்தும் பழந்தின்னி வௌவால்களே குடியானவர் நினைவுக்கு வரும். ஆயினும் இவ்வினத்தில் பெரும்பாலானவை பூச்சிகளைத் தின்று வாழ்பவை. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் 150 பெரும் பழுப்பு வௌவால்கள் அடங்கிய கூட்டமொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 13 லட்சம் பூச்சிகளைத் தின்னுமென மதிப்பிட்டிருக்கின்றனர். மக்காச்சோளத்தின் வேரை அரிக்கும் புழுக்களை ஈனும் வண்டுகளும் அவற்றுள் அடங்கும். இவ்வௌவால்கள் உறங்கும் விதத்திற்கும் வேளாண்மைக்கும் சம்பந்தமுண்டு.

குளிர்காலத்தில் அங்குப் பூச்சிகள் கிடையா. ஆகையால் சிறு பழுப்பு வௌவால்கள் குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் தலைகீழாய்த் தொங்கிப் பல மாதங்கள் உறைதுயிலில் கிடக்கும். இது நாம் இரவில் தூங்கும் தூக்கமன்று. சரீர உஷ்ணம் குகையின் உஷ்ணத்தளவிற்கு இறங்கிவிடும். பறக்கும்போது நிமிஷத்திற்கு ஆயிரம் தடவையளவு துடிக்கும் இருதயம் இருபது முப்பது துடிப்பாக அடங்கிவிடும். இவ்வாறு உறையும் பிராணிகளின் மூளையில் எழும் மின்னலைகளைக் கருவியால் பதிவுசெய்தால், சாதாரணத் தூக்கத்தில் பேரலைகளாய்த் தோன்றும் கோடு, சரீரம் குளிரக் குளிரத் தாழ்ந்து ஏறக்குறைய நேர்கோடாகிவிடுகிறது. நில அணில்கள் உறைதுயிலிலிருந்து உஷ்ணமடைந்து மீண்டவுடன் மெய்யாகவே தூங்கத் தொடங்குவது 1991-ல் அறியப்பட்டது, விந்தையே!

நோயற்ற வௌவாலும் ஏறக்குறைய 16 நாட்களுக்கொருமுறை உடலைச் சூடேற்றிச் சிறிது நேரம் விழித்து, மறுபடி அடங்கும். சேமித்த கொழுப்பில் முக்கால் பங்கு இச்சிறு விழிப்புகளிலேயே செலவாகிறது. கணக்கு அவ்வளவு இறுக்கமானது.

2006-ல் நியூயார்க் மாகாணக் குகையொன்றில், மூக்கிலும் இறக்கையிலும் வெண்பூஞ்சணம் படர்ந்த வௌவால்கள் காணப்பட்டன. குளிரை விரும்பும் அப்பூஞ்சணம் இறக்கைத் தோலைக் கெடுக்கிறது. நோயுற்று மாண்ட வௌவால்களின் முதுகில் ஒட்டியிருந்த சிறு உஷ்ணமானிகளைச் சோதித்ததில், அவை ஏறக்குறைய 8 நாட்களுக்கொருமுறை விழித்தது புலனாயிற்று. கொழுப்பு தீர்ந்ததும் பட்டப்பகலில் பனியின்மீது இரைதேடிப் பறந்து மடிகின்றன. 2012-க்குள் 57 லட்சத்திற்குக் குறையாமல் மாண்டனவென்று கணக்கிடப்பட்டது. அந்நாட்டு வேளாண்மைக்கு வௌவால்களால் விளையும் நன்மை, குறைந்த மதிப்பீட்டிலும், ஆண்டுக்கு 370 கோடி டாலர் என்று 2011-ல் கூறப்பட்டிருந்தது.

பெண் வௌவால் ஆண்டிற்கு ஒரு குட்டியே ஈனுமாதலால் இழப்பு விரைவில் ஈடாவதில்லை. எனவே பல குகைகளில் குளிர்காலத்தில் மனிதர் நுழைவதைத் தடுத்துள்ளனர். நோயில்லாத இடத்திலும், விளக்கொளியாலும் பேச்சொலியாலும் எழுப்பப்பட்ட வௌவால் வசந்தத்திற்கென வைத்த கொழுப்பைச் செலவிட்டுவிடுமன்றோ?