நாணயமும் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. 'அவர் நாணயமான மனிதர்' என்று கூறும்போது, அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. நம் காசை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பதையே குறிப்பிடுகிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி மிகப் புதியது. ஆயினும் அதன் உயிர்நிலை இந்தப் பழைய சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கணிப்பொறி வழியே வழங்கும் கிரிப்டோ நாணயங்களைப் பலரிடமிருந்து பெற்று, ஒன்றாகக் கலந்து, எது எவருடையது என்று தெரியாதவாறு திருப்பித் தரும் அமைப்புகள் சில உலகில் உள்ளன. அவற்றுக்கு மிக்சர் என்று பெயர். இப்பெயரைக் கேட்டதும் மிட்டாய்க் கடையின் கண்ணாடிச் சாடி நேயர்களுக்கு நினைவு வந்தால் தவறில்லை. ஓமப்பொடியும் காராபூந்தியும் வேர்க்கடலையும் கலந்தபின், ஒரு கடலையைக் கையில் எடுத்து, இது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று எவர் சொல்ல முடியும்? அந்தக் கலப்பே இங்கும் நடைபெறுகிறது. தமிழில் இதனைக் கலப்பகம் எனலாம்.

இவ்வாறு கலக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது? பிட்காயின் 2009-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இயங்கத் தொடங்கியது. அதற்கு அரசும் இல்லை, வங்கியும் இல்லை. வங்கி செய்யும் வேலையை ஒரு பொதுப் பேரேடு செய்கிறது. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கின்றன. அதனை எவரும் திறந்து படிக்கலாம். ஒருமுறை பதிந்து உறுதியான வரியை அழிப்பதோ இயலாத செயல். வரிகளில் ஆட்பெயர் இராது. எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட முகவரி மட்டுமே இருக்கும். அதனால் பலர் இதனை இரகசியப் பணம் என்றே எண்ணிவிட்டனர். உண்மையில், முகமூடி அணிந்த ஒருவன் கண்ணாடி வீட்டில் குடியிருப்பதைப் போன்றது இது. பரிவர்த்தனை நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்குத் தொடங்கும்போதோ, அறிந்தவர் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போதோ முகமூடி சற்றே விலகுகிறது. விலகினால், அந்த முகவரியில் அதுவரை நடந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் இது பற்றிக் கேட்டார். "ஐயா, மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம் பிட்காயின் வாங்கி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவருக்குச் சிறு தொகை அனுப்பினேன். இப்போது என் இருப்பு முழுவதும் அவருக்குத் தெரிகிறது. கலப்பகத்தில் இட்டு மறைத்துக்கொண்டால் குற்றமா?" என்றார்.

அவருடைய கவலை நியாயமானதே. வங்கிக் கணக்கில் உள்ள தொகையை அண்டை வீட்டாருக்கு நாம் காட்டுவதில்லை. அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எதீரியம் என்னும் நாணய அமைப்பைத் தோற்றுவித்தவருள் ஒருவரான விட்டாலிக் புட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தாம் ஒரு கலப்பகத்தைப் பயன்படுத்தியதாக 2022-இல் வெளிப்படையாகவே கூறினார். ஆகவே, மறைக்க விரும்புவோர் எல்லாரும் கள்வர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

ஆனால், மறைக்க வேண்டும் என்று விரும்புவது ஒன்று. மறைப்பவரை நம்புவது மற்றொன்று. முதலில், கலப்பு எப்போது உண்மையில் மறைக்கிறது என்று காண்போம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர், நோய் தீர வேண்டி, ஹிருத்தாபநாசினி என்னும் திருக்குளத்தில் வெல்லம் கரைப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆயிரம் பேர் கரைத்த குளத்தில் இது இன்னார் இட்ட வெல்லம் என்று பிரித்துக் காட்டுவார் இல்லை. ஒரு சிறு பானை நீரில் மூன்று பேர் மட்டும் கரைத்தால், அருகில் நின்றவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கலப்பகத்தின் நிலையும் இதுவே. பலர் இட வேண்டும். அனைவரும் ஒரே அளவில் இட வேண்டும். இட்டவர் உடனே எடுத்தலும் ஆகாது. காலையில் ஏழே கால் நாணயம் இட்டு, மாலையில் கூலி போக எஞ்சியதை அப்படியே ஒருவர் எடுத்தால், பேரேட்டைப் பார்ப்பவர் இரண்டு வரிகளையும் எளிதில் முடிபோட்டுவிடுவார்.

இனி நம்பிக்கைக்கு வருவோம். கலப்பகங்களில் ஒருவகை, தனி மனிதர் நடத்துவது. நாணயத்தை அவருக்கு அனுப்புகிறோம். அவர் கூலியைக் கழித்துக்கொண்டு வேறு நாணயத்தைத் தருகிறார். இங்கே மூன்று ஐயங்கள் எழுகின்றன. அவர் திருப்பித் தருவாரா? நாம் இட்டதையும் எடுத்ததையும் குறித்து வைக்காமல் இருப்பாரா? அவர் நமக்குத் தரும் நாணயம் யாருடையது?

முதல் ஐயம் வெளிப்படை. பெயரும் ஊரும் இல்லாத ஒருவர் ஏமாற்றினால், எந்த வாசலில் சென்று கேட்பது? நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியல் எழுதித் தொழில் நடத்தியபோது, தம் விலாசத்தின் நற்பெயரையே ஈடாக வைத்தனர். உண்டியல் ஒன்று மதிப்பிழந்தால் குடும்பத்தின் பெயர் கெடும் என்ற அச்சமே அதற்குக் காவலாக நின்றது. முகமே இல்லாதவருக்கு இழக்க முகம் ஏது?

இரண்டாம் ஐயத்துக்கு வரலாறே விடை கூறியிருக்கிறது. பெஸ்ட்மிக்சர் என்னும் கலப்பகத்தை நெதர்லாந்து அதிகாரிகள் 2019 மே மாதத்தில் முடக்கினர். அதன் வழியே நடந்தவற்றைப் பற்றிய ஓராண்டுக் காலத் தகவல்கள் அவர்கள் கையில் சேர்ந்தன. 2023 மார்ச்சில் ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து சிப்மிக்சரை முடக்கியபோது, சுமார் 4 கோடியே 40 லட்சம் யூரோ மதிப்புள்ள பிட்காயினோடு 7 டெராபைட் அளவுள்ள தரவும் கைப்பற்றப்பட்டது. 2011 முதல் பத்து ஆண்டுகள் நடந்த பிட்காயின் ஃபாக் என்னும் கலப்பகத்தின் வழியே 12 லட்சத்துக்கு மேற்பட்ட பிட்காயின்கள் சென்றன. அதனை நடத்தியவருக்கு 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் பன்னிரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவரைக் காட்டிக்கொடுத்த சான்றுகளுள் முதன்மையானது, எல்லாரும் படிக்கக்கூடிய அந்தப் பேரேடுதான்.

இரண்டாம் வகைக் கலப்பகத்தை மனிதர் நடத்துவதில்லை. கணிப்பொறிக்குரிய ஆணைத்தொடர் ஒன்று தானே நடத்துகிறது. 2019-இல் தோன்றிய டொர்னேடோ கேஷ் இவ்வகையினது. ஈதர் நாணயத்தை 0.1, 1, 10, 100 என்னும் வரையறுத்த அளவுகளில் அதில் இடலாம். எடுக்க வருபவர், இட்ட பலருள் தாமும் ஒருவர் என்பதைக் கணித முறையால் மெய்ப்பிக்கிறார். இட்டவருள் எவர் என்பதை மட்டும் வெளியிடுவதில்லை. வைத்துக்கொண்டு ஓடிப்போக அங்கே ஆள் இல்லை. எனவே முதல் இரண்டு ஐயங்களும் பெரிதும் நீங்குகின்றன. மூன்றாவது ஐயமோ நீங்கவில்லை. அது வளர்ந்து, நம் நாட்டு மக்களின் சேமிப்பையும் வந்து தொட்டது.

2024 சூலை 18 அன்று, இந்தியாவின் பெரிய கிரிப்டோ பரிவர்த்தனை நிலையங்களுள் ஒன்றான வசீர்எக்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அந்தக் களவுக்கு வடகொரியாவே காரணம் என்று அமெரிக்காவும் சப்பானும் தென்கொரியாவும் 2025 சனவரியில் கூட்டாக அறிவித்தன. திருடப்பட்ட ஈதர், 2024 செப்டம்பர் முதல் டொர்னேடோ கேஷில் இட்டுக் கலக்கப்பட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் தங்கள் நாணயத்தை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். அந்தரங்கம் நாடி நேர்மையான ஒருவர் அதே காலத்தில் அங்கே ஒரு ஈதர் இட்டிருந்தால், அவருடைய நல்ல பணமே கள்வனுக்குத் திரையாகியிருக்கும். கூட்டம் பெருகப் பெருக மறைவு பெருகும் என்றோமல்லவா? அந்தக் கூட்டத்தில் யார் நிற்கிறார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க இயலாது என்பதே இதில் உள்ள தீங்கு.

சட்டமும் இதில் தடுமாறவே செய்தது. அமெரிக்க அரசு 2022 ஆகஸ்டு 8 அன்று டொர்னேடோ கேஷின்மீது தடை விதித்தது. எவருக்கும் உடைமையாகாத, எவராலும் மாற்ற முடியாத ஆணைத்தொடரை ஒருவரது சொத்தாகக் கருதித் தடுக்க முடியாது என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறியது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. ஆயினும் அதனை உருவாக்கியோருள் ஒருவரை, உரிமம் இன்றிப் பணம் கடத்தும் தொழில் நடத்தச் சதி செய்ததாக, நடுவர் குழு 2025 ஆகஸ்டில் குற்றவாளி என்று கண்டது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு பக்கத்திலிருந்து இதனைத் தெளிவாக்கியது. சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் ஒருவர் எக்ஸ்.ஆர்.பி. என்னும் நாணயத்தை வசீர்எக்சில் வைத்திருந்தார். களவு போனது அந்த நாணயம் அன்று. ஆயினும் இழப்பை எல்லாரும் பகிர வேண்டும் என்றது நிலையம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் செலாவணிப் பணம் அன்று, ஆயினும் அது சொத்தே என்றும், ஒருவர் பொருட்டு மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்றும் கூறி, அம்முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு அளித்தார். முகமும் முகவரியும் உள்ள நிறுவனமாதலால் வழக்குத் தொடுக்க முடிந்தது. கலப்பகத்தின்மேல் வழக்குத் தொடுக்க எவரை அழைப்பது?

அந்தரங்கமும் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்குக் கோயில் உண்டியல் சான்று. உண்டியலில் காசு இட்டவர் எவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைத் திறக்கும் நாளிலோ, அலுவலர் முன்னிலையில், பலர் காண, முத்திரையை நீக்கி எண்ணுகின்றனர். இட்டவர் மறைந்திருக்கிறார், காப்பவர் வெளிச்சத்தில் இருக்கிறார். கலப்பகத்தை நடத்தும் மனிதரோ தாம் இருளில் இருந்துகொண்டு இட்டவரின் குறிப்பைக் கையில் வைத்திருக்கிறார். ஆணைத்தொடரிடமோ, கணக்குக் கேட்பதற்கே ஆள் இல்லை.

இளைஞருக்கு நான் கூறிய விடையை நேயர்களுக்கும் கூறுகிறேன். பணம் பெறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரியைப் பயன்படுத்துங்கள். பிட்காயின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. சேமிப்புக்கு ஒரு முகவரி, செலவுக்கு ஒரு முகவரி என்று தனித்தனியே வைத்து, ஒன்றிலிருப்பதை மற்றொன்றோடு சேர்க்காதீர்கள். பெயரோடு சேர்த்து முகவரியை எங்கும் எழுதாதீர்கள். வாங்கிய நாள், விலை, நிலையம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 2022 ஏப்ரல் முதல் இந்த ஆதாயத்துக்கு நூற்றுக்கு 30 வரி உண்டு. 2023 மார்ச் 7 முதல் பரிவர்த்தனை நிலையங்களும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கலப்பகத்திலிருந்து வந்த நாணயத்தை அவை ஐயுறும். மூலம் எது என்று கேட்கும். உழைத்துச் சேர்த்தவரால் அப்போது, இது என் உழைப்பில் வந்தது என்று காட்ட இயலாமற் போகும். அண்டை வீட்டார் கண்ணிலிருந்து காசை மறைக்கப் போய், அது தம்முடையது என்பதற்குரிய சான்றையே அவர் கரைத்துவிட்டிருப்பார்.