எல்லையின் இருபுறமும் ஒலிக்கும் வில்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வரும். கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் அது. இவ்வெல்லை மிகப் பழமையானது அன்று. முன்பு இருபுறமும் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் இருபுறத்து மக்களும் கோயில் விழாக்களில் கேட்டு வந்த பாட்டு ஒன்றே. தமிழர் அதனை வில்லுப்பாட்டு என்பர். மலையாளத்தில் அது வில்லடிச்சான் பாட்டு எனப்படும்.

இதன் முதன்மைக் கருவி நீண்ட வில். அதில் மணிகள் வரிசையாகத் தொங்கும். வில்லை ஒரு குடத்தின்மேல் பொருத்தி வைப்பர். தலைமைப் பாடகர் வீசுகோல்களால் நாணை அடிக்கும்போது மணிகளும் சேர்ந்து ஒலிக்கும். ஒருவர் குடத்தின் வாயை மட்டையால் தட்டுவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் துணை நிற்கும். கதை செல்லச் செல்ல உடனிருப்போர் ‘ஆமா’ என்று குரல் கொடுப்பர்.

சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழாவே இப்பாட்டின் பிறப்பிடம் போன்றது. அங்கே தெய்வத்தின் கதையைப் பிறப்பு முதல் பாடுவர். கதை முதிரும்போது சாமியாடிக்கு அருள் வரும். ஆகவே இதனை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுதல் தவறு. கேட்போர் குறைந்தாலும் கதையைப் பாடியே ஆக வேண்டும்.

தெய்வக் கதைகளோடு வீரர் கதைகளும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் மதுரைத் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் போரிட்டு வீழ்ந்தவர் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை. தீய கனாக் கண்ட தாயும் மனைவியும் அவரைப் போருக்குச் செல்ல வேண்டாம் எனத் தடுக்கும் பகுதி உருக்கமானது. இக்கதைப்பாட்டு தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அமைந்தது. மலையாள இலக்கிய வரலாற்றில் இத்தகைய பாடல்களைத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பர். மலையாள எழுத்தில் அச்சிட்டுப் படிப்பர். எழுத்து மாறினாலும் உள்ளே இருக்கும் தமிழ்ச் சொற்கள் மாறவில்லை. இரு மொழியும் அறிந்த உங்களுக்கு அவை எளிதில் விளங்கும். ஒரு மொழி மட்டும் அறிந்தவரோ பல இடங்களில் தடுமாறுவர்.

இன்று இக்கலையின் நிலை என்ன? நாகர்கோவிலைச் சேர்ந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக வழங்கினார். அவ்வழியில் சென்ற சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022இல் மறைந்தார். இவர்களால் வில்லுப்பாட்டு நகர மேடைகளிலும் வானொலியிலும் புகழ் பெற்றது. ஆனால், மேடை நிகழ்ச்சி கலையின் பெயரைக் காத்த அளவிற்குப் பழங்கதைகளைக் காக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஓர் இரவுக் கதை அடங்குமா? கொடை விழாக்களிலும் இன்னிசைக் கச்சேரி வந்தபின் வில்லுக்குரிய நேரம் சுருங்கிற்று. குமரி மாவட்டத்தில் தலைமைப் பாடகியாக விளங்கிய பூங்கனி முதுமையில் வறுமையுற்று 2018இல் மறைந்தார். இந்நிலையைக் காணும் இளையோர் வேறு தொழிலை நாடுவதில் வியப்பில்லை.

உங்கள் குலதெய்வத்தின் கதையைப் பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதி வருக.