சம்பளத்துல பிடிச்சிட்டாங்களா? சட்டப் பிரிவோட லிங்க்கையே அனுப்புங்க!

இங்கிலாந்துல வேலை பார்க்கிற நண்பர்களே, ட்ரெயினிங் செலவுன்னு சொல்லி கம்பெனி உங்க சம்பளத்துல பிடிச்சிருச்சா? "இது சட்டப்படி தப்பு"ன்னு ஹெச்ஆருக்கு மொட்டையா மெயில் போடாதீங்க. பிரிவையே காட்டுங்க.

லெஜிஸ்லேஷன்.கவ்.யூகே தளத்துல எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட்டைத் திறந்தா, முகவரியில 1996/18-ன்னு இருக்கும். அதாவது 1996-ம் வருஷத்தோட 18-வது சட்டம். 18-க்குப் பின்னாடி இருக்கிறதை அழிச்சிட்டு, சாய்கோடு போட்டு, ஆங்கிலத்துல செக்‌ஷன், மறுபடி சாய்கோடு, 13. நேரா அந்தப் பிரிவுலயே போய் நிக்கும். சட்டமோ ஒப்பந்தமோ அனுமதிக்கணும், இல்லன்னா நீங்க முன்கூட்டியே எழுத்துல சம்மதிச்சிருக்கணும். அப்பதான் சம்பளத்துல பிடிக்கலாம்னு அங்க இருக்கு.

அதனால, உங்க ஒப்பந்தத்துல அப்படி ஒரு ஷரத்து ஒளிஞ்சிருக்கான்னு மெயில் அனுப்புறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. பிரிவு 14-ம் முக்கியம்: தவறுதலா கூடக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்க இந்தத் தடை கிடையாது.

பழைய பிடித்தமா? லிங்க்கோட கடைசியில 2023-05-01 மாதிரி தேதியைச் சேர்த்தா, அன்னைக்கு இருந்த வாசகமே வரும்.